நாடி ஓடும் கை

விடிந்ததும் என் மாமியார் செய்கிற முதல் வேலை வாசல் தெளிப்பது. இரண்டாவது வேலை, ஈரக்கையோடு உள்ளே வந்து தன் மகனுடைய வலது கையை எடுத்து, மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து நாடி பார்ப்பது. கட்டிலோரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். பெரிய வைத்தியர் என்று நினைப்பு.

"ஓடுதுடா ராசா. நல்லா ஓடுது" என்பார்.

"ஒங்கையி சில்லுன்னு இருக்குத்தா" என்பார் இவர், கண்ணைக்கூடத் திறக்காமல்.

"இப்பத்தானடா வாசத் தெளிச்சேன்."

அவ்வளவுதான் பேச்சு. அத்தை எழுந்து போய்விடுவார். நான் அடுப்படியில் கரண்டியும் கையுமாக நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். ஏனென்றால் இவர் சொல்வது முழுப்பொய். அந்தக் கைக்குச் சில்லென்றும் தெரியாது, சுடுகிறது என்றும் தெரியாது. தோளிலிருந்து விரல் நுனி வரைக்கும் செத்துப்போன கை அது. அத்தையின் விரல் பட்டதுகூட இவருக்குத் தெரியாது. தொட்டிருப்பார் என்று பேச்சுக் குரலை வைத்துத் தெரிந்துகொண்டு, ஈரமாக இருக்கும் என்று பழக்கத்தில் தெரிந்துகொண்டு, சில்லென்று இருக்கிறது என்பார். அத்தைக்கு இது தெரியக்கூடாது. எங்கள் வீட்டில் நாங்கள் பொத்திப் பொத்திக் காப்பாற்றியது அந்த ஒன்றைத்தான்.

இவர் என்றால் என் வீட்டுக்காரர் ஈஸ்வரபாண்டி. பெயர் சொல்லக்கூடாது என்றெல்லாம் எனக்கு ஒன்றுமில்லை. கோபம் வந்தால் மூன்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். என் பெயர் யுவராணி. பெயரில்தான் ராணி, பிழைப்பு திராட்சைத் தோட்டத்தில் கூலி. மாமியார் சுப்புத்தாய் என் அப்பாவுடன் பிறந்தவர், எனக்குச் சொந்த அத்தை. சொந்தத்தில் கட்டினால் சண்டை வராது என்று எவன் சொன்னானோ, அவனை நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இவருக்குக் கவாத்து வேலை. எங்கள் காமயகவுண்டன்பட்டிப் பக்கம் வந்து பார்த்தால் தெரியும். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, கொடியைத் தலைக்கு மேலே பந்தலாகப் படர விட்டிருப்பார்கள். பழம் எடுத்து முடித்ததும் கொடியை அளவாக வெட்டிவிட வேண்டும். அப்போதுதான் அடுத்த காய்ப்பு வரும். காலையில் கத்தரியோடு தூக்கிய கையை மத்தியானக் கஞ்சிக்குத்தான் இறக்க முடியும். இவர் வெட்டினால் கொடியின் மொட்டுக் கண்ணுக்குக் கண் தப்பாமல் குலை விழும் என்று தோட்டக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். அப்படிக் கையைத் தூக்கியே வளர்ந்த தோள். உருண்டு, திரண்டு, கல்யாணத்தன்று மாப்பிள்ளைச் சட்டை தையல் விட்டுப்போனது அந்தத் தோளால்தான். நான் அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி பண்ணுவேன்.

போன வருசத்துக்கு முந்தின வருசம் ஆடி மாசம், கம்பத்தில் பூச்சிமருந்து வாங்கிக்கொண்டு பொழுது சாயும் நேரம் வண்டியில் வந்தார். ரோட்டோரம் லைட் போடாமல் ஒரு டிராக்டர் நின்றிருக்கிறது. கிட்ட வந்து பார்த்து ஒடித்துத் திருப்பியவர் தூக்கி எறியப்பட்டார். வலது தோள் தரையில் மோதியிருக்கிறது, தலை இடது பக்கம் மடங்கியிருக்கிறது. தோள் கீழே இழுக்க, தலை மேலே இழுக்க, நடுவில் இருந்தது என்ன பாடு பட்டதோ. வெளியே பார்த்தால் காறை எலும்பில் ஒரு விரிசல், இடது உள்ளங்கையில் தோல் உரிந்த காயம். வேறு ஒன்றுமில்லை. பார்க்க வந்த சனம் எல்லாம் ஒரே பாட்டு. "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு, சுப்புத்தாயி. சாமிக்குப் பொங்க வையி."

தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். சின்ன வயசு டாக்டர், வெளியூர்க்காரர், நல்ல பிள்ளை. மறுநாள் வந்து கையைத் தூக்கச் சொன்னார், விரலை மடக்கச் சொன்னார். ஒன்றும் நடக்கவில்லை. எங்களை வெளியே கூப்பிட்டுச் சொன்னார்.

"கழுத்துலேர்ந்து கைக்குப் போற நரம்பு அறுந்திருக்க மாதிரி தெரியுதும்மா. அதுக்கு இங்க வசதி இல்ல. எலும்பு சேர்ந்ததும் மதுரைக்குப் போயிடுங்க, தள்ளிப் போடாதீங்க. நல்லவேளையா ரத்தக்குழாய் தப்பிச்சிருச்சு. நாடி நல்லா ஓடுது."

அத்தை அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்துவிட்டார். நரம்பு அறுந்துபோச்சு என்றால் யாருக்குத்தான் ஈரக்குலை நடுங்காது? அழுதபடியே உள்ளே போனோம். அங்கே நர்ஸம்மா குளுக்கோஸ் ஏற்ற ஊசியோடு நிற்கிறார். இடது கையில் காயம், கட்டுப்போட்டிருக்கிறது. அதனால் வலது கையின் புறங்கையைத் தட்டித் தட்டிப் பார்த்து ஒரே குத்தாகக் குத்தினார். ரத்தம் எட்டிப் பார்த்தது. இவர் முகம்கூடச் சுளிக்கவில்லை.

"நல்ல நரம்பும்மா ஒங்க மகனுக்கு. மொதக் குத்துலயே கெடைச்சிருச்சு" என்றார் நர்ஸம்மா.

அத்தையின் அழுகை நின்றது. "நரம்பு நல்லாருக்கா தாயி?"

"சூப்பரா இருக்கு. மரவட்டை தண்டிக்குப் பொடைச்சுக்கிட்டு நிக்கிது பாருங்க."

இப்போது சொல்லுங்கள். டாக்டர் நரம்பு அறுந்துபோச்சு என்கிறார், நர்ஸ் நல்ல நரம்பு என்கிறார். அதுவும் கண்ணெதிரே குத்தி, ரத்தத்தைக் காட்டிச் சொல்கிறார். நீங்களாக இருந்தால் யாரை நம்புவீர்கள்? எங்களுக்கு நரம்பு என்றால் கையில் பச்சையாக ஓடுவதுதான் நரம்பு. நரம்பு ஊசி என்றால் அதில் போடுகிற ஊசி. வெயிலில் வேலை செய்தால் புடைப்பது நரம்பு, ஒல்லியாக இருந்தால் தெரிவது நரம்பு. உடம்புக்குள்ளே அதே பெயரில் இன்னொன்று ஓடுகிறது என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

அத்தை அன்றைக்குத்தான் முதல்முதலாக மகன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். டுக்கு டுக்கென்று துடித்தது. என் விரலையும் இழுத்து வைத்தார்.

"பாத்தியாடி? அத்துப்போன வாய்க்கால்ல தண்ணி வருமா? சின்னப் பய டாக்டரு, படிச்ச மப்புல ஒளறிட்டுப் போறான். அவனே நாடி ஓடுதுன்னு வாயால சொன்னான்ல?"

வருகிற சனத்திடம் எல்லாம் அதையே சொன்னார். சனமும் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, ஆமாம் நரம்பு ஓடுது என்றது. ஊர் முழுக்க விரல் வைத்துப் பார்த்த கை அது.

வீட்டுக்கு வந்தபின் வலி ஆரம்பித்தது. கொதிக்கிற எண்ணெயில் கையை முக்கின மாதிரி எரிகிறது என்று இவர் துடிப்பார். தொட்டால் தெரியாது, கிள்ளினால் தெரியாது, ஆனால் உள்ளே எரியும். இது என்ன கொடுமை என்று நான் கேட்டால் அத்தை பூரித்துப்போவார். "வலி இருக்குன்னா உசுரு திரும்புதுன்னு அர்த்தம்டி. மரத்துப்போன காலு முழிக்கும்போது சுள்ளுன்னு இழுக்காது? அந்த மாதிரி." குமுளி தாண்டிப் போய் ஒருவரிடம் எண்ணெய் போட்டு உருவினோம். அவர் ஞரம்பு பிடிச்சிருக்கு, ஞரம்பு சரியாகும் என்றார். மலையாளத்திலும் இரண்டுக்கும் ஒரே பேர்தான் போலிருக்கிறது. எல்லை தாண்டிப் போயும் எங்கள் தலையெழுத்து மாறவில்லை.

எண்ணெய் வழிய வழிய உருவினோம், கை அசையவில்லை. அத்தனை மாசமும் நாடி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. தோள் கரைந்தது. முதலில் உருண்டை போனது, அப்புறம் எலும்பு முனை முனையாகத் தெரிய ஆரம்பித்தது. முதுகுப் பக்கம் தோள்பட்டை எலும்புக்கு மேலே குழி விழுந்தது. கல்யாணத்தன்று தையல் விட்ட அதே சட்டை, ஆணியில் மாட்டின மாதிரித் தொங்கியது. குளிப்பாட்டும்போது அந்தத் தோளில் தண்ணீர் ஊற்ற எனக்குக் கை வராது. "என்னடி பாக்குற, ஊத்து" என்பார் இவர். ஊற்றிவிட்டு, சோப்பு கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லி அழுவேன்.

அடுத்த வருசக் கவாத்தும் வந்தது. பந்தலில் கத்தரிச் சத்தம் கேட்கக் கேட்க இவர் ஓரமாக உட்கார்ந்து இடது கையால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். போதும் சாமி என்று தோன்றியது. அத்தையிடம் ஒரு ஆட்டம் ஆடிவிட்டு மறுநாளே மதுரைக்கு இழுத்துக்கொண்டு போனேன். அத்தைக்கு முழங்கால் வலி, கூட வரவில்லை. அந்த ஒரு புண்ணியத்துக்கு அந்த முழங்காலைக் கும்பிட வேண்டும்.

மதுரையில் பார்த்தது ஒரு பெண் டாக்டர். எங்கள் அத்தை வயசு இருக்கும், களைத்த முகம். இவர் சட்டையைக் கழற்றச் சொல்லி, தோள் எலும்புக்குக் கீழே இரண்டு விரலை வைத்து அழுத்தினார். விரல் உள்ளே போனது. கை மூட்டிலிருந்து கழன்று இறங்கித் தொங்குகிறதாம், தூக்கிப் பிடிக்கச் சதை இல்லையாம். அப்புறம் என்னென்னவோ கரண்டு வைத்துப் பார்த்தார்கள். எல்லாம் முடிந்ததும் சுவரில் மாட்டியிருந்த படத்துக்குக் கிட்டே எங்களைக் கூப்பிட்டார். தோல் உரித்த தோள், அக்குள், கை.

"இங்க பாருங்கம்மா. சிவப்பு, நல்ல ரத்தம் போற குழாய். நீலம், திரும்பி வர்ற குழாய். இந்த மஞ்சள் இருக்கு பாருங்க, இதுதான் நரம்பு. கழுத்துலேர்ந்து அஞ்சு வேரா வருது. காறை எலும்புக்கு அடியில பூந்து, ஒண்ணோட ஒண்ணு சேந்து பிரிஞ்சு, அக்குள்ல இந்தச் சிவப்புக் குழாயைச் சுத்திக் கட்டிப் பிடிச்ச மாதிரிப் போகுது. இதுல ஒண்ணு தோளைத் தூக்க, ஒண்ணு முழங்கையை மடக்க, ஒண்ணு விரலை விரிக்க. இவருக்கு அந்த அஞ்சு வேரும் பிடுங்கியிருக்கு. குழாய்க்கு ஒண்ணும் ஆகல."

நான் அந்த மஞ்சளையே பார்த்துக்கொண்டு நின்றேன். மஞ்சள் நூல் மாதிரி, கிளை கிளையாக. இப்படி ஒன்று என் உடம்பிலும் இருக்கிறதா? பிறந்ததிலிருந்து ஒருநாளும் வெளியே தெரியாமல் இருந்துகொண்டு, இதுதான் என் கையைத் தூக்குகிறதா?

இவர்தான் முதலில் பேசினார். "தோட்டத்துல மோட்டாருக்குப் போற கரண்டு ஒயரும் தண்ணிக் கொழாயும் ஒரே பள்ளத்துலதான் பொதைச்சிருப்போம், டாக்டர். ஒயரு அத்துப்போச்சு. கொழாயில தண்ணி இருக்கு. நாங்க தண்ணியத் தொட்டுப் பாத்துட்டு மோட்டாரு நல்லாருக்குன்னு நெனைச்சுட்டோம். அதான?"

டாக்டர் இவருடைய சட்டையை எடுத்துக் கையில் கொடுத்தார். "ஆமா" என்றார்.

"இப்ப ஒயர இழுத்துக் கட்ட முடியாதா?"

"ஆறு மாசத்துக்குள்ள வந்திருந்தா, விலா எலும்புக்கிட்ட ஓடுற நரம்பை எடுத்து இதுல சேர்த்துப் பார்த்திருப்போம். பழையபடி வேலை செய்யலேன்னாலும், கொஞ்சம் தூக்க, கொஞ்சம் மடக்க வந்திருக்கும். தசை நரம்புக்காகக் காத்துக்கிட்டிருக்கும்ப்பா. ஆனா ரொம்ப நாள் காத்திருக்காது. இப்ப அது நாராப் போயிருச்சு. நரம்பைக் கொண்டுவந்து கட்டினாலும் வாங்கிக்க அங்க ஆள் இல்ல." பிறகு என்னைப் பார்த்தார். "ஏம்மா இவ்வளவு லேட்டு?"

அடக்கி வைத்திருந்ததெல்லாம் எனக்குப் பொங்கிவிட்டது. "ஏன் லேட்டா? ஒரு டாக்டரு நரம்பு அத்துப்போச்சுன்னாக. ஒரு நர்ஸம்மா நல்ல நரம்புன்னாக. ரெண்டுக்கும் ஒரே பேர வச்சுக்கிட்டு எங்களைக் கேட்டா நாங்க என்ன பண்றது? இந்தப் படத்த அன்னைக்கே ஒருத்தர் காட்டியிருக்கக் கூடாதா? ஒரே ஒரு படம்!" சத்தம் வெளியே வரைக்கும் போயிருக்கிறது. கதவோரம் நின்ற ஒரு பெரிய மனுசன், கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று முணுமுணுத்தான். அவனையும் பிடிபிடியென்று பிடித்துவிட்டேன். டாக்டர் என் தோளில் கை வைத்து உட்கார வைத்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் ஒரே முடிவில் இருந்தேன். வீட்டுக்குப் போனதும் அத்தை தலையில் இதைப் போட்டு உடைக்க வேண்டும். ஒங்க நாடி பிடிக்கிற புத்திதான் ஒங்க மகன் கையைத் தின்னுச்சு என்று மூஞ்சிக்கு நேரே சொல்ல வேண்டும். எப்படி ஆரம்பிப்பது, எந்த இடத்தில் கையை நீட்டுவது என்பதுவரை மனசுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போது இவர் வாயைத் திறந்தார்.

"ஆத்தாகிட்டச் சொல்லக் கூடாது, யுவராணி."

"ஏன் சொல்லக் கூடாது? நல்லாச் சொல்லுவேன்."

"எனக்குக் கை போச்சு. அதுக்குப் பதிலா ஆத்தாவும் போகணுமா? தெரிஞ்சா அது ஒரு வா சோறு திங்காது. நாண்டுக்கிட்டுச் செத்துப்போகும். ஒனக்குத் தெரியாதா அதப் பத்தி?"

தெரியும். என் அப்பா செத்தபோது பச்சைத்தண்ணி குடிக்காமல் கிடந்த ஆள் அத்தை. ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை. "அப்ப நானு? நான் இதை மென்னு முழுங்கிட்டுச் சாகவா?"

"ஆமா. எனக்காக முழுங்கு." இடது கையை நீட்டினார். "சுருளி வேலப்பர் மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன். பஸ்ஸில் எல்லாரும் பார்த்தார்கள்.

வீட்டில் இவரே பேசினார். மொத நாளே போயிருந்தாலும் ஒன்றும் பண்ணியிருக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். நரம்பு நல்லாத்தான் இருக்காம். சதைதான் சத்தில்லாமப் போச்சாம். தொட்டால் இப்போது தெரிகிறது என்று ஒரு பொய்யையும் சேர்த்துக்கொண்டார். அத்தை கையைப் பிடித்துப் பார்த்து, "நான் சொன்னேன்ல, ஓடுது" என்றார். அப்புறம் அடுத்த வீட்டுக்காரி காதில் விழுகிற மாதிரி, "மருதைக்குப் போயி என்னத்தக் கண்டா இவ? நான் சொன்னதத்தான் அந்த டாக்டரும் சொல்லியிருக்காக. பஸ்ஸுக்குப் பிடிச்ச கேடு" என்றார். என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. இவர் கட்டிலில் இருந்து என்னையே பார்த்தார். வாயில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய் நின்றேன்.

அதற்குப் பிறகு பந்தலுக்கு நான்தான் போகிறேன். கவாத்து வெட்டத் தெரியாது, காய் பிடித்த குலையில் நெருக்கமான பொடிக்காயைக் கழிக்கிற வேலை. அதற்கும் கையைத் தூக்கித்தான் ஆக வேண்டும். பொழுது சாய்ந்தால் தோள் இரண்டும் விண் விண்ணென்று தெறிக்கும். ராத்திரி சாப்பிட்டதும் இவர் ஒற்றைக் கையால் என் தோளைப் பிடித்துவிடுவார். "ரெண்டு கையும் வேணும்டி இதுக்கு" என்பார் சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பைப் பார்ப்பதற்குத் தோள் வலியே தேவலை.

அத்தை சும்மா இருக்கிற ஆளா? சதைதான் கெட்டுப்போச்சு என்று பிள்ளை சொல்லிவிட்டதே, சதையை வளர்க்காமல் விடுவாரா? முட்டை, உளுந்தங்களி, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆட்டுக்கறி. அதிலும் எந்த இடத்தில் குறையோ அந்த இடத்துக் கறிதான் தின்ன வேண்டும் என்று ஒரு கணக்கு. முன்னங்கால் சப்பைதான் வேண்டும் என்று கறிக்கடைக் கோட்டைச்சாமியிடம் அடித்துச் சொல்லி வாங்கிவருவார். தோளுக்குத் தோள். நாங்கள் சொன்ன பொய்யைத்தான் அத்தை வாராவாரம் சமைத்துப் போட்டார், நாங்களும் தின்றோம்.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் தோட்டத்திலிருந்து வந்தேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. கொல்லையில் அத்தை அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்திருக்கிறார். வாழையிலையில் ஒரு முழுச் சப்பை, துண்டு போடாமல். எலும்பு தனியாக, சதை தனியாகப் பிரித்துப் போட்டிருக்கிறது. அத்தை வெள்ளையாக ஒரு நூலைச் சுட்டுவிரலில் சுற்றிக்கொண்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னத்தே, இன்னும் ஒலை வைக்கலையா?"

நிமிரவில்லை. "கோட்டைச்சாமிகிட்ட, நரம்பக் கழிச்சுப்புடாதடா, என் மகனுக்கு நல்லதுன்னேன். எந்த நரம்பக் கேக்குறன்னான். எந்த நரம்புன்னா என்னடா, நரம்புதான்னேன். ரத்தம் போற கொழாயக் கேக்குறியா, இந்த வெள்ளையக் கேக்குறியான்னான். ரெண்டும் ஒண்ணுதானடான்னேன். சிரிக்கிறான்டி. அது எப்பிடித்தா ஒண்ணாகும், இது வேற அது வேற, ஆட்ட அறுத்த சூட்டுல இந்த வெள்ளையச் சுண்டுனாச் சதை துள்ளும், கொழாயச் சுண்டுனாத் துள்ளாதுங்கிறான்."

கையிலிருந்த தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே போனேன்.

அத்தை அக்குள் பக்கத்தை விரலால் விலக்கிக் காட்டினார். "இந்தா பாரு. இது கொழாய். சுத்தி இந்த வெள்ளை. பக்கத்துல பக்கத்துல போகுது." அந்தப் படத்தில் பார்த்த அதே மாதிரிதான் இருந்தது. மஞ்சளுக்குப் பதில் வெள்ளை, அவ்வளவுதான். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த மாதிரி ஒரு முகத்தை நான் அத்தையிடம் பார்த்ததே இல்லை. "ஏத்தா யுவராணி. அந்தப் பய டாக்டரு அத்துப்போச்சுன்னு சொன்னது எதை? கொழாயவா, இதவா?"

இந்தக் கேள்விக்காக எத்தனை நாள் காத்திருந்தேன். பதிலை எத்தனை தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். பந்தலுக்கடியில் கை தூக்கி நிற்கும்போதெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அவரே வந்து, வாயைத் திற என்று கேட்கிறார். அத்தையின் கையைப் பார்த்தேன். சுட்டுவிரலில் அந்த நூல் இன்னும் சுற்றியிருந்தது. நாடி பார்க்கிற அதே விரல்.

"கோட்டைச்சாமி கெடக்கான் கூறுகெட்ட பய" என்றேன். "ஆடு வேற, மனுசன் வேறத்தே. மனுசனுக்கு எல்லாம் ஒரே நரம்புதான். எந்திரிங்க, எனக்குப் பசிக்குது."

அத்தை ரொம்ப நேரம் என்னைப் பார்த்தார். "ஆடு வேற, மனுசன் வேற" என்று மெதுவாகச் சொன்னார். "சரித்தா." நூலை விரலிலிருந்து அவிழ்த்துக் கீழே போட்டுவிட்டுக் கறியைத் துண்டு போட ஆரம்பித்தார். அன்றைக்குக் குழம்பு நன்றாகவே இருந்தது. மகனுக்கு அள்ளி அள்ளி வைத்தார். நீங்க சாப்பிடலையா என்றதற்கு, வயிறு சரியில்லை என்றார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. நம்பிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் நான் கண் விழித்தபோது விடிந்து வெளிச்சம் வந்துவிட்டது. வாசல் தெளிக்காமல் கிடந்தது. ஒருநாளும் இல்லாத அதிசயம். அத்தை அடுப்படியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார், அடுப்பில் பால் கொதித்துக்கொண்டிருந்தது. ராத்திரி முழுக்கத் தூங்காத முகம். நான் ஒன்றும் கேட்காமல் வாளியை எடுத்துப் போய் வாசல் தெளித்துவிட்டு வந்தேன். அதற்குள் பால் பொங்கிவிட்டது. அத்தை துணிகூடப் பிடிக்காமல் இரண்டு கையாலும் சட்டியைத் தூக்கி இறக்கினார். நான் ஐயோ என்று ஓடினேன். உள்ளங்கை இரண்டும் சிவந்துபோயிருந்தது. அத்தைக்குச் சுட்டதாகவே தெரியவில்லை. என்னை விலக்கிவிட்டு, அந்தக் கையோடு அப்படியே கட்டிலுக்குப் போனார்.

இவர் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். அத்தை கட்டிலோரம் உட்கார்ந்து வலது கையை எடுத்தார். நாடி பார்க்கவில்லை. வெந்துபோன தன் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் அந்தக் கையை வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஓடுதுடா ராசா" என்றார். செருமிக்கொண்டார். "நல்லா ஓடுது."

"ஒங்கையி சில்லுன்னு இருக்குத்தா" என்றார் இவர், கண்ணைத் திறக்காமல்.

நான் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தை தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்துகொண்டிருந்தது. சத்தம் போட்டுவிடாதே என்று எனக்குத் தலையை ஆட்டிக் காட்டிவிட்டு, மகன் பக்கம் திரும்பினார்.

"ஆமாடா ராசா" என்றார். "இப்பத்தானடா வாசத் தெளிச்சேன்."